வரி ரசீதிலிருந்து வரவு செலவுத் திட்டம் வரை: கொங்கு நகரக் குடியிருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என்று கொங்கு நாட்டின் எந்த மாநகராட்சியை எடுத்துக்கொண்டாலும், சொத்து வரி குறித்துக் குடியிருப்போர் பேசும் பேச்சு வரி கூடிவிட்டது, தெருவுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் பெரும்பாலும் தவறான மாதத்தில், தவறான மேசையில், கணக்கு எதுவும் இல்லாத ஒரு மனுவாகப் போய்ச் சேர்வதால் வீணாகிறது. குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: தன் வீட்டு வரி அறிவிப்பையும் உள்ளாட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர், அத்திட்டம் உருவாகும் மாதங்களிலேயே எழுத்து மூலம் கேட்டால், அலுவலகம் அவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை ஏற்படுகிறது. அதற்கான படிகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதற்படி: நீங்கள் எந்த உள்ளாட்சிக்கு உட்பட்டவர் என்பதை உறுதி செய்யுங்கள்

இது தேவையற்ற அறிவுரை போலத் தோன்றலாம். ஆனால் கொங்கு நாட்டில் ஊர்களின் எல்லைகள் கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கின்றன. கோவை மாநகராட்சியுடன் 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய 3 நகராட்சிகளும், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி உள்ளிட்ட 7 பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் இணைந்த பிறகு, வார்டுகளின் எண்ணிக்கை 72இலிருந்து 100 ஆயிற்று. திருப்பூரும் ஈரோடும் 2008இல் மாநகராட்சிகளாயின. கரூர் 2021இலும் நாமக்கல் 2024இலும் அந்த நிலையை அடைந்தன. கருமத்தம்பட்டி, மதுக்கரை, காரமடை, திருமுருகன்பூண்டி போன்றவை அண்மையில் நகராட்சிகளாகத் தரம் உயர்ந்தவை. ஊராட்சியாக இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி கட்டிப் பழகிய குடும்பங்கள், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் வாழ்பவர்கள் உட்பட, இப்போது அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்ட வேண்டியவர்களாக இருக்கிறார்கள். ஊராட்சி எண்ணில் செலுத்திய பழைய ரசீது, புதிய வரிவிதிப்பு எண்ணோடு சரியாக இணைக்கப்படாததால் கட்டிய தொகையே நிலுவையாகக் காட்டப்படுவதும் உண்டு. ஆகவே பழைய ரசீதுகளை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய மூன்றுக்கும் இப்போது பொதுவாக இருப்பது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதன் கீழ் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும் ஆகும். கிராம ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். மனு எழுதும்போது எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்பது தெரிந்திருந்தால், மனு வேறு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுக் காலம் கடப்பதைத் தவிர்க்கலாம்.

இரண்டாம் படி: கேட்பு அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

உள்ளாட்சி உங்களிடமிருந்து எதிர்பார்க்கும் தொகைக்குக் 'கேட்பு' என்று பெயர். அது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டாகவும், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டாகவும் கணக்கிடப்படுகிறது. அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள், அதாவது ஏப்ரல் இறுதிக்குள்ளும் அக்டோபர் இறுதிக்குள்ளும் செலுத்துவோருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் கூடுதலாகச் சேரும். அறிவிப்பின் மீது ஆட்சேபம் இருந்தாலும், ஆட்சேபத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு வரியைக் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நிலுவைதாரர் பட்டியலில் உள்ள ஒருவரின் மனுவுக்கு அலுவலகத்தில் மதிப்புக் குறைந்துவிடுகிறது. குடிநீர் இணைப்புத் துண்டிப்பு என்ற அச்சமும் உடன் வருகிறது.

வரி கணக்கிடப்படும் முறையில் கட்டடத்தின் பரப்பளவு, அது அமைந்துள்ள தெருவின் வகைப்பாடு, பயன்பாடு, கட்டடத்தின் தன்மை, அதன் வயது ஆகியவை சேர்கின்றன. பயன்பாடு என்பது குடியிருப்பா, தொழிற்கூடமா, வணிகமா என்பதைக் குறிக்கும். தன்மை என்பது கான்கிரீட் கூரையா, ஓடா, தகரக் கொட்டகையா என்பதைக் குறிக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று தவறாகப் பதிவாகியிருந்தால் வரி முழுவதும் தவறாகிவிடும். 2022 ஏப்ரலில் நடந்த பொதுச் சீராய்வு இந்தத் தவறுகளின் விளைவைப் பெரிதாக்கியது. சென்னை நீங்கலான நகரங்களில், குடியிருப்புக் கட்டடம் 600 சதுர அடி வரை இருந்தால் 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி உயர்ந்தது. தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதமும் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும் உயர்ந்தது.

இந்த எல்லைக் கோடுகளைக் கவனியுங்கள். உண்மையில் 1,190 சதுர அடி உள்ள ஒரு வீட்டில், மொட்டை மாடியில் துணி காயப்போடப் போட்ட தகரக் கூரையையோ வெளிப்படிக்கட்டையோ சேர்த்து 1,210 என்று அளந்துவிட்டால், பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அது 1,500 ஆவதற்குப் பதிலாக 1,750 ஆகிவிடும். 20 சதுர அடிக்காக அரையாண்டுக்கு 250 ரூபாய், அதுவும் ஆண்டுதோறும், அடுத்தடுத்த உயர்வுகளின் அடித்தளமாகவும் தொடரும். ஆகவே அளவு நாடாவை எடுத்து வீட்டை நீங்களே ஒருமுறை அளந்து, அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொங்கு நாட்டுக்கே உரிய மற்றொரு சிக்கல் பயன்பாட்டு வகை சார்ந்தது. இங்கே வீடும் தொழிலும் ஒரே சுவருக்குள் இருப்பது இயல்பு. சோமனூரிலும் பல்லடத்திலும் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம் இருக்கிறது. திருப்பூரில் வீட்டின் கீழ்த்தளத்தில் 4 தையல் எந்திரங்களை வைத்து, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பார்கள். லைன் வீடுகளில் முன்புற அறை மளிகைக் கடையாக இருக்கும். தொழிற்கூடமாகக் கொள்ள வேண்டியதை வணிகமாகப் பதிவு செய்வதும், ஓர் அறை மட்டும் கடையாக இருக்க வீடு முழுவதையும் வணிகமாகப் பதிவு செய்வதும் நான் பலமுறை கண்ட தவறுகள்.

உயர்வு 2022உடன் நிற்கவில்லை. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற வேண்டுமானால் மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என்றும், வரி வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி உயர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அதன் தொடர்ச்சியாக ஆண்டுதோறும் 6 சதவீத அளவில் உயர்த்தும் நடைமுறை வந்தது. திருப்பூரில் வணிகர்கள் 2024 டிசம்பரில் கடையடைத்துத் தெரிவித்த எதிர்ப்பு இந்தச் சூழலில் எழுந்ததுதான். உயர்வின் விகிதம் மாநில அளவிலான முடிவு என்பதால், அதை மாற்றக் கோரி மண்டல அலுவலகத்தில் மனு கொடுப்பதில் பயன் இல்லை. அந்தக் கோரிக்கை சட்டமன்ற உறுப்பினருக்கும் அரசுக்கும் செல்ல வேண்டியது. மண்டல அலுவலகத்தில் கேட்க வேண்டியவை அளவு, வகை, வயது, கணக்கு ஆகியவை மட்டுமே. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

மூன்றாம் படி: தவறு இருந்தால் கணக்கீட்டுத் தாளைக் கேளுங்கள்

வரி அதிகம் என்று எழுதிய மனுவுக்கு, விதிப்படியே வரி விதிக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அதற்குப் பதிலாக, உங்கள் வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் கட்டடத்துக்குப் பதிவாகியுள்ள பரப்பளவு, தெரு வகை, பயன்பாடு, கட்டட வயது ஆகியவற்றைக் காட்டும் கணக்கீட்டுத் தாளின் நகலை முதலில் கேளுங்கள். அது கைக்கு வந்த பிறகு, எந்த விவரம் தவறு என்பதைச் சுட்டி, அதற்கான சான்றை இணைத்து, ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுங்கள். அறிவிப்பில் ஆட்சேபத்துக்கென்று குறிப்பிட்டுள்ள கெடுவைத் தவறவிடக் கூடாது. ஆணையரின் முடிவு உங்களுக்கு உடன்பாடாக இல்லையெனில் அடுத்த நிலை மேல்முறையீடு. அதற்கும் கெடு உண்டு என்பதால், ஆணையரின் முடிவை எழுத்து வடிவில், தேதியுடன் கேட்டுப் பெறுங்கள்.

என் நெருங்கிய உறவினர் ஒருவரின் வீட்டில் இப்படித்தான் நடந்தது. வீட்டின் முன்னறையில் 100 சதுர அடிக்கும் குறைவான ஒரு தையல் கடை; ஆனால் வீடு முழுவதும் வணிகக் கட்டடம் என்று பதிவாகியிருந்தது. இரண்டு முறை நேரில் போய் முறையிட்டதற்குப் பலன் இல்லை. மூன்றாவது முறை, வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனியாக வரும் மின் கட்டண அட்டைகள், இரண்டின் தேதியிட்ட நிழற்படங்கள், அளவு குறித்த எளிய வரைபடம் ஆகியவற்றை இணைத்து மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வந்தோம். கள ஆய்வுக்கு ஆள் வர 4 மாதங்கள் ஆயின, திருத்தம் வந்தது. ஆய்வுக்கு வந்த வரித்தண்டலரே, மின் கட்டண அட்டை இருந்ததால்தான் மேலதிகாரியிடம் தன்னால் எழுதி அனுப்ப முடிந்தது என்றார். கீழ்நிலை அலுவலர் உங்களுக்கு உதவ விரும்பினாலும், கோப்பில் சான்று இல்லாவிட்டால் அவராலும் இயலாது.

நான்காம் படி: கட்டிய பணம் எந்தப் பைக்குள் போகிறது என்று பாருங்கள்

நம் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் பொதுவாக 3 நிதிகளாகக் கணக்கு வைக்கின்றன: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. சொத்து வரியாக நீங்கள் கட்டும் தொகை இவற்றுக்குப் பிரித்து வரவு வைக்கப்படுகிறது. அதனுடன் சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரி, சொத்து வரியில் 10 சதவீதம், உள்ளாட்சிக்கு உரியதன்று. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதிய நூல்கள் இல்லையெனில், வசூலித்த நூலக வரியில் எவ்வளவு செலுத்தப்படாமல் உள்ளாட்சியில் தங்கியிருக்கிறது என்று கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வி அது. ஏனோ யாரும் கேட்பதில்லை.

குடிநீர் நிதியைத் தனியே வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொங்கு நாட்டு நகராட்சிகளின் வரலாறே பெருமளவு தண்ணீரின் வரலாறுதான். 1866இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தலைமையில் தொடங்கிய கோவை நகராட்சி, சிறுவாணித் தண்ணீரைக் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தது. அதற்காகப் பாடுபட்ட நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர்தான் இன்று ஆர்.எஸ்.புரமாக நிற்கிறது. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தபோது பெரியார் செய்த பணிகளிலும் குடிநீர் வழங்கலே முன்னால் நிற்கிறது. அந்தத் தலைமுறை பெரிய செலவைத் துணிந்து ஏற்றது. நாம் இன்று கேட்க வேண்டியது, குடிநீர் நிதிக்கு வரும் வரியும் கட்டணமும் குழாய், மோட்டார், மின் கட்டணம் ஆகியவற்றின் செலவை ஈடு செய்கின்றனவா, இல்லையெனில் அந்தப் பற்றாக்குறையை எங்கிருந்து நிரப்புகிறார்கள் என்பதாகும்.

சொத்து வரி தவிர காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், குப்பைக்கான கட்டணம், வணிக வளாகக் கடைகளின் வாடகை ஆகியவை உள்ளாட்சியின் சொந்த வருவாய். தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டமே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆகவே அதை வைத்துப் பெரிதாக வருவாயைக் கூட்ட முடியாது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி எல்லா உள்ளாட்சிகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. மத்திய நிதிக்குழு மானியத்தின் பெரும்பகுதி குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்று கட்டுப்படுத்தப்பட்டது. அதை எடுத்துச் சாலை போட முடியாது. உங்கள் கோரிக்கைக்குப் பணமில்லை என்று அலுவலர் சொல்லும்போது, எந்த நிதியில் இல்லை என்று திருப்பிக் கேட்க இந்த அறிவு உதவும்.

ஐந்தாம் படி: வரவு செலவுப் புத்தகத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுவே. மார்ச் இறுதியில் மாமன்றத்தில் அல்லது நகர்மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைக்கப்படுகிறது; கோவையில் டவுன்ஹால் விக்டோரியா அரங்கில் மாமன்றம் கூடும். மறுநாள் செய்தித்தாள்களில் வருவது புதிய அறிவிப்புகளின் பட்டியல். அதை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைத் தேடுங்கள். சில உள்ளாட்சிகள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. இல்லையெனில் கவுன்சிலரிடம் ஒரு படி இருக்கும்.

புத்தகத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே பொதுவாக 4 தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. பெரும்பாலோர் நான்காவதை மட்டும் பார்க்கிறார்கள். உண்மை தெரிவது முதல் மூன்றையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்று வைக்கும்போதுதான். மழைநீர் வடிகாலுக்கு முதல் மதிப்பீடு 10 கோடி, திருத்திய மதிப்பீடு 3 கோடி, வரும் ஆண்டுக்கு 12 கோடி என்று ஒரு புத்தகம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 3 கோடிக்கே வேலை நடந்த இடத்தில் 12 கோடிக்கு எப்படி நடக்கும் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எந்தக் கவுன்சிலராலும் பேச முடியாது. இப்படி 3 ஆண்டுப் புத்தகங்களைச் சேர்த்துவைத்தால், ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டு ஆண்டுதோறும் குறைக்கப்படும் தலைப்புகள் தாமாகவே கண்ணில் படும். எங்கள் சங்கத்தில் அவற்றைச் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்தோம். பேசப் போகும் இடத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் போனால் போதுமானதாக இருந்தது.

அடுத்து வருவாய்ச் செலவையும் மூலதனச் செலவையும் பிரித்துப் பாருங்கள். சம்பளம், ஓய்வூதியம், மின் கட்டணம், குப்பை அள்ளும் ஒப்பந்தம், கடனுக்கான வட்டி ஆகியவை வருவாய்ச் செலவு. புதிய சாலை, பாலம், மேல்நிலைத் தொட்டி ஆகியவை மூலதனச் செலவு. இதில் பெரும்பங்கு மாநில, மத்தியத் திட்டங்களின் மானியமும் கடனும். மூலதனப் பணிகள் பளிச்சென்று தெரிவதால் திறப்பு விழாக்கள் அவற்றுக்கே நடக்கின்றன. ஆனால் பராமரிப்பு, உள்ளாட்சியின் சொந்த வருவாயில்தான் விழுகிறது. சீர்மிகு நகரத் திட்டத்தில் கோவை 2016 ஜனவரியில் வெளியான முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. உக்கடம் பெரியகுளம் உள்ளிட்ட குளக்கரைகள் அழகுபடுத்தப்பட்டன. அந்தத் திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. இனி அந்த நடைபாதைகளின் விளக்குக்கும், காவலுக்கும், ஆகாயத்தாமரை அகற்றுவதற்கும் ஆகும் செலவு வரவு செலவுப் புத்தகத்தின் எந்தத் தலைப்பில், எவ்வளவு என்று கேட்பது அவசியம். தலைப்பே இல்லையென்றால், கட்டியது சிதையத் தொடங்கும் ஆண்டு அதுதான்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது 'கேட்பு, வசூல், நிலுவை' அறிக்கை. வசூல் 84 சதவீதம் என்று ஓர் அறிக்கை சொன்னால், எதில் 84 சதவீதம் என்று கேளுங்கள். நடப்புக் கேட்பு 100 கோடி, பழைய நிலுவை 40 கோடி, வசூல் 84 கோடி என்று கொண்டால், மொத்தக் கேட்பான 140 கோடியில் வசூல் 60 சதவீதம் மட்டுமே. பழைய நிலுவை வைத்திருப்போர் யார், பெரிய வணிக வளாகங்களா, கல்வி நிறுவனங்களா, அரசு அலுவலகங்களா, வழக்கில் உள்ளவை எவ்வளவு என்ற வகைப்பிரிப்பைக் கேட்க வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. ஒழுங்காகக் கட்டுவோரின் மீது மேலும் உயர்வை வைப்பதற்கு முன் இந்த நிலுவை வசூலாக வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. மாமன்றத்தில் இதைப் பேச விரும்பும் கவுன்சிலருக்கு நீங்கள் எண்களைக் கொடுத்தால் அவரும் பேசுவார்.

கடைசியாக ஒரு சிறு தலைப்பு: சாலை வெட்டுக் கட்டணம். குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை, எரிவாயுக் குழாய், இணையக் கம்பி என்று நம் தெருக்கள் ஓயாமல் தோண்டப்படுகின்றன. பிற துறைகளும் நிறுவனங்களும் தோண்டுவதற்கு முன் மறுசீரமைப்புக்கென உள்ளாட்சியிடம் பணம் கட்டுகின்றன. உங்கள் தெருவுக்காக எவ்வளவு கட்டப்பட்டது, அந்தத் தொகை மறுசீரமைப்புக்குச் செலவானதா, பொது வரவில் கலந்துவிட்டதா என்ற கேள்விதான், குழியும் மேடுமாகக் கிடந்த எங்கள் தெருவுக்குத் தார் வருவதற்குக் காரணமாக இருந்தது.

ஆறாம் படி: திட்டம் உருவாகும் மாதங்களில் போய் நில்லுங்கள்

மார்ச்சில் வைக்கப்படும் திட்டத்துக்கான கணக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே எழுதத் தொடங்கப்படுகிறது. பொறியியல் பிரிவு தன் தேவைகளைத் திரட்டும் குளிர்காலமே நம் கோரிக்கைக்கு உரிய காலம். அக்டோபர், நவம்பரில் தெருவைச் சுற்றிப் பார்த்துத் தேவைகளைப் பட்டியலிடுங்கள். டிசம்பருக்குள் கவுன்சிலருக்கும், மண்டல உதவி ஆணையருக்கும், உதவி அல்லது இளம் பொறியாளருக்கும் ஒரே மனுவின் படிகளைக் கொடுங்கள். பத்துக் கோரிக்கைகளை எழுதாமல் இரண்டை மட்டும் எழுதுங்கள். சாக்கடை என்றால் எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடுகள், கடந்த மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை எழுதி, படத்தை இணையுங்கள். பொறியாளர் அதை அப்படியே தன் மதிப்பீட்டில் எழுதிக்கொள்ள முடியும்.

இதற்கென்று சட்டப்படியான மேடையும் இருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி, நகர்ப்புறத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், வார்டின் பகுதிகளுக்குப் பகுதி சபாவும் அமைய வேண்டும். பகுதி சபாவுக்கென ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாள்கள் குறிக்கப்பட்டுள்ளன. வரவு செலவுத் திட்டத்தைக் கருதினால் டிசம்பர் 10ஆம் நாளும் ஜனவரி 25ஆம் நாளும் மிக முக்கியமானவை. கூட்டம் நடக்கிறதா, எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். நடந்தால் உங்கள் கோரிக்கை நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்வரை அங்கிருந்து நகராதீர்கள். வாய்ச்சொல்லாகப் பேசியதற்குப் பின்னால் சான்று இருக்காது. நடக்கவில்லையெனில் அதையே ஆணையருக்கு எழுதுங்கள்.

கூட்டங்களில் ஆண்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவதை நான் ஏற்பதில்லை. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எத்தனை குடம் வருகிறது என்ற கணக்கு பெண்களிடம்தான் துல்லியமாக இருக்கிறது. எங்கள் பகுதியில் ஓர் அம்மணி நாட்காட்டியில் தண்ணீர் வந்த நாள்களைச் சுழித்து வைத்திருந்தார். அந்தத் தாளுக்கு முன்னால் பொறியாளர் எதுவும் மறுக்கவில்லை.

பொதுச் சொத்து ஒன்றைப் புதுப்பிக்க ஊராரே பங்களிக்கத் தயாராக இருந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவான பணிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர, மீதியை அரசு தரும். பள்ளிக்கும் குளத்துக்கும் கொடை கொடுத்துப் பழகிய நம் பகுதிக்கு இது பொருந்தும். ஆயினும் வரியால் நடக்க வேண்டிய அடிப்படைப் பணிகளுக்கு மக்களிடம் மீண்டும் பணம் கேட்கும் வழியாக இது மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிராம ஊராட்சியில் வாழ்வோருக்கு

இங்கே மேடை கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள்கள் அது கூட வேண்டும். கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இல்லை என்ற காரணத்தால் வரவு செலவுக் கணக்கைச் சபையில் வாசிக்கும் கடமை இல்லாமல் போய்விடாது. நகரத்தின் குப்பை, கைவிடப்பட்ட பாறைக்குழிகளைத் தேடி வரும் சிற்றூர்களில், தீர்மானப் புத்தகத்தில் முறையாக ஏறிய கிராம சபைத் தீர்மானம் பின்னாளில் எந்த அலுவலகத்திலும் வைத்துப் பேசக்கூடிய ஆவணமாகிறது.

ஏழாம் படி: அறிவித்ததைத் தொடர்ந்து பாருங்கள்

வரவு செலவுப் புத்தகத்தில் உங்கள் தெருவின் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். அதன்பின் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, மன்றத் தீர்மானம், பணி ஆணை என்று பல வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு காலாண்டிலும் பொறியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது வேலை தொடங்கும் என்பதன்று. கோப்பு இப்போது எந்த நிலையில் உள்ளது, அந்த நிலையின் தேதியும் எண்ணும் என்ன என்பதே. பணி ஆணை எண் கிடைத்த பின் ஒப்பந்ததாரர் யார், தொகை எவ்வளவு, எத்தனை மாதக் கெடு, சாலைக்குப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் காலத்துக்குள் தார் பெயர்ந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரி செய்ய வேண்டும்.

பதில் வராத இடத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் மனு ஒரு வழி. ஆட்சியர் அலுவலகத்தில் அது திங்கட்கிழமையும் கோவை மாநகராட்சியில் செவ்வாய்க்கிழமையும் நடக்கிறது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பேசினாலும் மனுவுக்கு எண் கிடைக்கும். கணக்கு விவரம் வேண்டுமெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டமே நேரான வழி. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாள்களுக்குள் எழுதலாம், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள்களுக்குள் போகலாம். ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்காமல் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: இன்ன வார்டில் இன்ன ஆண்டில் வழங்கிய பணி ஆணைகளின் பட்டியல், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் இன்ன பக்கங்கள், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடைகளும் அவற்றுக்குத் தந்த பதில்களும் என்று. தணிக்கைத் தடைகளின் நகலை ஒருமுறை படித்தால், எந்தத் தலைப்பில் கேள்வி கேட்க வேண்டும் என்பது அடுத்த ஆண்டுக்குத் தெளிவாகிவிடும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில், வரி ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். ஒருவர் வீட்டில் மட்டும் வைக்காமல் சங்கத்தில் இருவரிடம் படிகள் இருக்கட்டும். அக்டோபர் மாத வரியைக் கட்டி ரசீதை அந்தக் கோப்பில் சொருகும் நாளிலேயே, டிசம்பர் 10 பகுதி சபாவுக்கான இரண்டு கோரிக்கைகள் எவை என்று தெருவில் பேசத் தொடங்கிவிடுங்கள்.